நயினாதீவுக் கல்லும் எங்கட கணக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை உயர்தர வகுப்பில் இந்திய வரலாறு மீட்டல் பாடம். வழமைபோல கரும்பலகையில் ஒரு கோடு போட்டு ஆண்டுகளை எழுதினேன். இராஜராஜ சோழன் ஆட்சிக்கு வந்தது 985. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498. பாபரின் பானிபட் போர் 1526. பிளாசிப் போர் 1757.

பின் வாங்கில் இருந்த ஒரு மகன் எழும்பினான். "சேர், இதில எங்கட தீவு எங்க? நாங்க எங்க?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பாடம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். பஸ்ஸில் யாரோ ஒருவர், "நீங்கள் புத்தளத்தில இருந்து வந்த ஆக்கள்தானே" என்று சொல்லியிருக்கிறார். அவனுடைய தகப்பன் பிறந்தது யாழ்ப்பாணத்தில். அந்தச் சொல் பிள்ளையின் மனதில் முள்ளாய் நின்றுவிட்டது.

அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைக் கிளறினேன். அடுத்த நாள் வகுப்பில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். அது பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை. சிங்கள அரசன், தமிழில் எழுதுவித்த கட்டளை, இன்று சைவக் கோயிலில் இருக்கிறது. இந்த ஒரு கல்லை வைத்தே நாலு பாடம் நடத்தலாம்.

கட்டளையின் சாரம் இதுதான். பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு.

ஊராத்துறை எது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு பிள்ளை சரியாகச் சொன்னாள்: எங்கட ஊர்காவற்றுறை.

இதே ஊராத்துறை சோழர் பக்கத்திலும் வருகிறது. இரண்டாம் இராஜாதிராஜன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டில், பராக்கிரமபாகு தமிழகத்தின் மேல் படையெடுக்க ஆள் சேர்த்துக் கப்பல் கட்டிய துறைகளில் ஒன்றாக அதன் பெயர் இருக்கிறது. ஆக, நான் கரும்பலகையில் எழுதிய சோழர் வரலாறு தஞ்சாவூரோடு முடியவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து போயிருக்கிறது.

மண்கும்பானுக்குப் பக்கத்து ஊர் அல்லைப்பிட்டி. அங்கே 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் சீனத்துச் சொங் காலப் பீங்கான் துண்டுகளைக் கண்டெடுத்தார். 2018இல் சீன ஆய்வாளர்களும் வந்து தோண்டினார்கள். ஏறத்தாழ 900 வருடப் பழைய பீங்கான். அந்தக் காலத்தில் குதிரை மேற்கே அரபு, பாரசீகக் கரைகளில் இருந்து வந்தது. பீங்கான் கிழக்கே சீனாவில் இருந்து வந்தது. இரண்டும் சந்திக்கும் கடல்வழியில் எங்கள் தீவுகள் இருந்தன.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கல்லில் முஸ்லிம் என்ற சொல் இல்லை. பரதேசி என்றுதான் இருக்கிறது. "எங்கட பாட்டன்தான் அந்த வணிகன்" என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன். அது வரலாறு இல்லை, ஆசை. ஆனால் கடலால் வந்தவனுக்கும் இந்த மண்ணில் சட்டப்படி ஒரு இடம் இருந்தது என்பது கல்லில் வெட்டிய உண்மை.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை முடித்த போர்த்துக்கீசர் தங்கள் மொழியில் துறைமேடை என்ற பொருளில் வைத்த பெயர்தான் கைட்ஸ் ஆனது. 1658இல் வந்த ஒல்லாந்தர் எங்கள் தீவுக்குத் தங்கள் நாட்டு லைடன் நகரத்தின் பெயரை வைத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். பெயர் வைத்தவன் ஊருக்குச் சொந்தக்காரன் ஆகவில்லை.

இனி என் கதை.

மண்கும்பான் என் உம்மாவின் ஊர். வாப்பாவுக்கு யாழ்ப்பாணம் சோனக தெருப் பக்கம் ஒரு இரும்புக்கடை. 1990 ஒக்டோபர் 30 அன்று எங்களைப் போகச் சொன்னார்கள். எனக்கு எட்டு வயது. கடை, வீடு, உம்மாவின் தையல் மெசின் எல்லாம் விட்டு ஒரு பையோடு நடந்தோம். வாப்பாவின் கையில் சில நூறு ரூபாய்.

புத்தளம் முகாமில் வாப்பா அடிக்கடி கணக்குப் பார்ப்பார். ஆணி இவ்வளவு, கம்பி இவ்வளவு, வரவேண்டிய கடன் இவ்வளவு என்று. அந்தக் கணக்கை அவர் மௌத்தாகும் வரை மூடவே இல்லை. நயினாதீவுக் கல்லைப் படித்த இரவு எனக்கு அந்தக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத குதிரை வியாபாரியின் கப்பல் உடைந்தால் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடு என்று 12ஆம் நூற்றாண்டில் சட்டம் இருந்தது. அதே மண்ணில் 20ஆம் நூற்றாண்டில், பிறந்து வளர்ந்தவனுக்குக் கால் பங்கும் மிஞ்சவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் பாதிக் கதை சொன்னவன் ஆவேன்.

போகும்போது உம்மா வீட்டு உறுதியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் கொடுத்தா. ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 அன்று அன்ரியும் வீட்டை விட்டு நடந்தா. யாழ்ப்பாணமே நடந்த நாள் அது. அவ தன் பிள்ளைகளோடும் மூட்டையோடும் எங்கள் உறுதியையும் கொண்டுபோய், கொண்டுவந்திருக்கிறா. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது அந்தப் பையை அப்படியே உம்மாவின் கையில் வைத்தா. கல்லுச் சட்டம் கேட்ட கால் பங்கைக்கூட அவ எடுக்கவில்லை.

இரண்டையும் வகுப்பில் சொன்னேன். தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அந்த மகன் கேட்டான்: "சேர், அந்தக் கல்லு இப்பவும் நயினாதீவில இருக்கா?"

இருக்கிறது மகன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் குறிகாட்டுவானில் படகு ஏறி வகுப்போடு போகப் போகிறோம். வர விரும்பும் பெற்றோர் சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பழைய உறுதி, கடைக் கணக்குக் கொப்பி, படங்கள் இருக்கும். எறியாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டிச் சொல்லுங்கள். உங்களுக்காக எதையாவது காத்துத் தந்த அயலவர் இருந்தால் அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

"நாங்க எங்க" என்று கேட்கிற பிள்ளைக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.