கல்வராயன் ஏற்றத்தில் ஜீப்பும் ஆல்டோவும்: சில குறிப்புகள்

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை வரை தார் ரோடு. அதில் மாருதி ஆல்டோவே மேல். பழைய ஆல்டோவுக்கு 796 சிசி எஞ்சின்தானே என்று இளக்காரம் வேண்டாம். வண்டியின் எடையும் முக்கால் டன்தான். கொண்டை ஊசி வளைவில் ஒரே வெட்டில் திரும்பிவிடும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய மகேந்திரா ஜீப்பில் அதே வளைவுக்குத் தோள் கழன்றுவிடும்.

*

தாரை விட்டு, மழை பெய்த செம்மண் பாதையில் இறங்கினால் கதை மாறும். ஆல்டோவை இழுப்பது முன் சக்கரங்கள். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்வதால் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். பின் சீட்டில் மூன்று பேர் இருந்தால் இன்னும் மோசம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 160 மில்லிமீட்டர். துருத்திய ஒரு கல் போதும், ஆயில் பேன் உடைய.

*

ஃபோர் வீல் ஜீப்பில் நாலு சக்கரமும் இழுக்கும். பக்கத்திலுள்ள சின்னக் கியர் ராடை 'லோ'வில் போட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்ற, சக்கரம் மெதுவாக, முழு பலத்தோடு உருளும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கத் தேவையில்லை; ஊர்ந்தே ஏறிவிடும். 16 அங்குல டயர், பட்டா ஸ்பிரிங் என எல்லாமே கரடுமுரடுக்கென்று செய்தவை. இரண்டாம் உலகப்போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டி அல்லவா!

*

காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர இழுப்பைப் போடவே கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு வேறு. பழைய ஜீப் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் அந்த முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களில் ஏறும்.

*

இறக்கத்தில் இரண்டு வண்டிக்கும் ஒரே விதி: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைத்தால் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும்.

*

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து அடியில் பார்க்கவும். பார்வைக்கு ஜீப்பாக இருப்பதெல்லாம் ஃபோர் வீல் இல்லை. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்புகளும் ஏராளமாக வந்தன. முன் ஆக்சிலுக்கும் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆர்.சி. 15 வருடத்தைத் தாண்டியிருந்தால் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

*

2019-ல் இந்த ஊர்கள் அடங்கிய கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலை இன்று கல்வராயன் மலை தாலுகாவின் தலைமையிடம். அங்கே வேலைக்குப் போய்வருகிறவர்களுக்குச் சின்னக் காரே போதும், செலவும் குறைவு. ஆனால் தார் நின்றுபோகும் இடத்துக்கு அப்பாலும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. மரவள்ளி, கடுக்காய் மூட்டை இறங்கவும், மழை இரவில் பிரசவ வலி கண்ட பெண் ஆஸ்பத்திரி போய்ச் சேரவும் அங்கே ஜீப்தான் வேண்டும்.

*

என் முடிவு இது. தார் உள்ள வரை ஆல்டோ, அதற்கு மேல் ஜீப். ஓடுகிற நிலையிலுள்ள ஃபோர் வீல் ஜீப்பை மலையில் யாரும் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். ஆனால் ஓர் ஊரின் உயிர் ஒரு பழைய ஜீப்பை நம்பி இருக்கக்கூடாது. கடைசிக் குடியிருப்பு வரைக்கும் தார் ரோடு போட வேண்டியது அரசின் கடமை.