இயந்திரம் திருத்தாத குரல்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்த நம்மவர் இல்லங்களில், முன்னாளில் வானொலிப் பெட்டி வகித்த இடத்தை இன்று வேறு கருவிகள் பற்றிக்கொண்டன. ஔந்தில் எங்கள் இல்லத்தில் அவ்விடத்தில் வீற்றிருப்பவை என் மகனின் மின்கிதாரும், சோற்றடுக்கு அளவேயுள்ள ஒலிமாற்றுப் பெட்டியும், கணினியோடு இணையும் ஒலிப்பதிவுக் கருவியுமேயாம்.

ஒலிப்பதிவு என்றால் தனிக் கட்டடம் வேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. இப்புனே நகரில், பிரபாத் படநிறுவனத்தின் பழைய வளாகத்திலே 1960இல் திரைப்படக் கல்லூரி தோன்றியது அக்காலத்தில்தான். பின்னர் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தின் பின்புறத்திலேயே ஒலிப்பதிவகம் அமைத்தார். இன்றோ, குரலை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கும் கருவி, மாணவன் மேசைமேல் அடங்கிவிட்டது.

கிதார் ஒலியை மாற்றும் கலையின் வரலாறு வியப்புக்குரியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாடல் பதிவாகையில், ஒலிக்கலவைப் பலகையின் பழுதினால் பேஸ் கிதார் கரகரத்து ஒலித்தது. அப்பழுதே செவிக்கு இனித்தது! அவ்வொலியைத் தரும் மிதிகருவியை 1962இல் மேஸ்ட்ரோ என்னும் பெயரால் கிப்சன் நிறுவனம் விற்கலாயிற்று. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதனைக் கையாண்ட பின்னர், உலகெங்கும் அதற்கு விருப்பம் பெருகிற்று. பழுது எது, அழகு எது என்பதைக் கேட்கும் செவியே முடிவு செய்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சென்ற கோடையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் தாயார், எண்பது வயது கடந்தவர், தாலாட்டு ஒன்று பாடினார். மகன் அதனைப் பதிந்து, சுருதி திருத்தும் மென்பொருளை அதன்மேல் ஏவினான். எண்ணெய் வளம் தேட நிலஅதிர்வுகளை ஆய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்டு என்பார், 1997இல் 'ஆட்டோ டியூன்' என ஒன்றை வெளியிட்ட பின்னர்ப் பல்கிய வகையைச் சேர்ந்தது அது. பிசகிய குரலை அருகிலுள்ள சுரத்திற்கு இழுத்து நிறுத்துவதே அதன் பணி. ஆனால் தாலாட்டின் உயிர், ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இழைவில் அன்றோ உள்ளது!

கேட்டு முடித்த தாயார், "ஏலே, இது யாரு பாடுதா?" என்றார்.

மகன் சற்று நேரம் பேசவில்லை. பின், "நீங்கதான் ஆச்சி. இருங்க, பழையதையே போடுதேன்" என்றான். நடுங்கும் குரலும் இடையிடையே வாங்கிய மூச்சும் அப்படியே ஒலித்தன. தாயார் முகம் மலர்ந்தது. கிதாருக்கு மட்டும் மெல்லிய எதிரொலி சேர்த்து, அக்குரலைத் தீண்டாது விட்டான்.

தாயார் ஊர் திரும்பிவிட்டார். இனி இத்துணைத் தொலைவு பயணம் செய்ய மருத்துவர் இசையவில்லை. அத்தாலாட்டை எழுதிவைத்தவர் எங்கள் குடும்பத்தில் எவருமிலர்.

ஆதலின் அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியோரின் பாடலையும் பேச்சையும் இன்றே பதிந்து வையுங்கள். மூலப்பதிவை மாற்றாது இரண்டு இடங்களில் காத்திடுங்கள். திருத்தமெல்லாம் வேறொரு படியில் நிகழட்டும். திருத்தியதைப் பின்னும் திருத்தலாம்; மூலம் அழிந்தால் அதனை மீட்கும் கருவி எந்த அங்காடியிலும் இல்லை.