உள்பக்க அறையும் வெளிப்பக்க அறையும்

செவியாவின் சாந்தா ஹூஸ்தா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மருந்துக்கடை வாசலில் பச்சைச் சிலுவைப் பலகையில் மின்னிய 41 என்ற எண். ஜூன் மாதம், மணி மூன்றரை. மாட்ரிட்டிலிருந்து செவியாவுக்கு இரண்டரை மணி நேரம்தான். ஸ்பெயினில் 1992-ல் ஓடத் தொடங்கிய முதல் அதிவேக ரயில் தடம் இது. பெட்டிக்குள் ஏசி குளிர் தாங்காமல் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தேன். வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் செருப்பின் வழியே சூடு ஏறியது.

விடுதியின் விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, பேராலயத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரிய சாலை வரைக்கும் சக்கரப்பெட்டி ஒழுங்காக உருண்டது. பழைய நகரத்துச் சந்துக்குள் நுழைந்ததும் உருளைக்கல் தளத்தில் கடகடவென்று அலற ஆரம்பித்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டு பக்கச் சுவரும் கையெட்டும் தூரத்தில் நெருங்கி நின்றதால் ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தது. அதை ஒட்டியே போனேன். விடுதி வாசலில் நின்றபோது இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் சதுரமான நீலப் பலகை. அதில் ஹெச் என்ற எழுத்து, கீழே மூன்று நட்சத்திரம். ஸ்பெயினில் நட்சத்திரம் கொடுப்பது அந்தந்தத் தன்னாட்சிப் பிரதேச அரசு. செவியா இருக்கிற அண்டலூசியாவின் மூன்று நட்சத்திரமும் மாட்ரிட்டின் மூன்று நட்சத்திரமும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. அதோடு, அறையின் பரப்பு, குளியலறை, லிஃப்ட் என்று அளந்து பார்க்கக்கூடியதை வைத்துத்தான் நட்சத்திரம். ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்பதற்கு அதில் கணக்குக் கிடையாது.

உள்ளே போனதும் உடம்பு சட்டென்று ஆறியது. வரவேற்புக் கூடம் முன்னொரு காலத்தில் வீட்டு முற்றமாக இருந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மெல்லிய தூண்கள், இடுப்பளவுக்கு நீலமும் மஞ்சளுமாகப் பூ ஓடுகள், மேலே வானத்துக்குப் பதில் கண்ணாடிக் கூரை. செவியாவின் பழைய வீடுகள் இப்படித்தான், தெருவுக்கு முதுகு காட்டி, முற்றத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கி விவரங்களைக் கணினியில் ஏற்றினார். இங்கே தங்குகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் விடுதிக்காரர்கள் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். வாடகை ஓர் இரவுக்கு 96 யூரோ. காலை உணவு வேண்டுமென்றால் தனியாகப் பதினான்கு.

அறை இரண்டாவது மாடியில். கதவைத் திறந்தால் இருட்டு. ஜன்னலை மூடியிருந்த சுருள் மறைப்பை வாரைப் பிடித்து இழுத்து உயர்த்தினேன். அப்போதும் வெளிச்சம் பெரிதாக வரவில்லை. எதிரே ஒன்றரை மீட்டரில் வெள்ளைச் சுவர், அதில் இன்னொருவர் குளியலறை ஜன்னல். நம் ஊர்க் கொத்தனார்கள் ஓ.டி.எஸ். என்பார்களே, வானம் பார்த்த காற்றுச் சந்து, அதேதான். தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தால் கைக்குட்டை அளவு நீலம் தெரிந்தது. கீழே சமையலறையின் புகைபோக்கி. விளம்பரப் படத்தில் இருந்த பால்கனி இந்த அறையுடையது இல்லை.

குளியலறை சுத்தமாகவே இருந்தது, வழக்கம்போலக் கழுவுதொட்டியும் உண்டு. ஆனால் ஷவருக்கும் தரைக்கும் நடுவே பாதிக் கண்ணாடிதான். குளித்து முடித்தபோது தண்ணீர் கதவைத் தாண்டி வரக் கிளம்பியிருந்தது. இருந்த துண்டு ஒன்றைத் தரையில் போட்டு அணை கட்டினேன்.

மொட்டைமாடியை ஆறு மணிக்குத்தான் திறந்தார்கள். அங்கே நீச்சல்குளம் என்று சொல்லப்பட்டதை நான்கு எட்டில் கடந்துவிடலாம், ஆழம் இடுப்பளவு. "ஹிரால்தா கோபுரக் காட்சி" என்ற வாக்குறுதியும் பொய்யில்லை. வடமேற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் பேராலயத்தின் அந்தக் கோபுர உச்சியில் இருக்கிற வெண்கலச் சிலை தெரிகிறது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் எதிர்வீட்டு ஏசி பெட்டிகளுக்குப் பின்னால்.

ஒன்பது மணி தாண்டியும் வெயில் அடித்தது. ஸ்பெயினின் பெரும்பகுதி இருப்பது லண்டனுக்கும் மேற்கே; 1940-ல் கடிகாரத்தை ஜெர்மனி நேரத்துக்கு மாற்றியவர்கள் திருப்பி வைக்கவே இல்லை. கோடையில் இன்னும் ஒரு மணி கூட்டிவிடுவதால், செவியாவில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் இரண்டரையை ஒட்டித்தான். மூன்றரை மணிக்குத் தெரு ஏன் காலியாக இருந்தது, இரவுச் சாப்பாடு ஏன் ஒன்பதரைக்குத் தொடங்குகிறது என்பதெல்லாம் இதில் அடங்கிவிடுகிறது.

பக்கத்துத் தெருவில்தான் எல் ரின்கோன்சியோ. 1670 முதல் இருக்கிற மதுக்கடை. கூரையிலிருந்து பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. நான் கேட்டது கொண்டைக்கடலை போட்ட பசலைக்கீரை. நிஜமாகவே இந்த ஊர்ப் பண்டம்தான், சீரகமும் பூண்டும் மணக்க மண்நிறச் சிறு தட்டில் வந்தது. உட்கார இடமில்லை. பரிமாறியவர் நான் சாப்பிட்டதற்கான தொகையை எனக்கு முன்னால் இருந்த மரப்பலகையிலேயே சாக்பீஸால் எழுதினார். காசை வாங்கியதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் போனார். இந்த ஊரில் நான் பார்த்த கணக்குகளிலேயே ஒளிவுமறைவு இல்லாதது இதுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த ஓ.டி.எஸ். சந்து வழியாகத் தட்டுகள் கலகலத்தன, கூடவே எண்ணெய் வாசனை. பதினான்கு யூரோவை மிச்சம் பிடித்து எதிர்க்கடைக்குப் போனேன். வறுத்த ரொட்டி, அரைத்த தக்காளி, மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய், ஒரு பால் காபி. மூன்று யூரோ எண்பது சென்ட்.

பேராலயத்துக்குப் பதினான்கு நிமிடம் ஆனது. சியர்பெஸ் தெருவில் மேலே கூரைக்குக் கூரை வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள், அதனடியில் நடப்பது சுகமாக இருந்தது. ஹிரால்தாவில் படிக்கட்டுக் கிடையாது, கடைசியில் இருக்கிற சிலவற்றைத் தவிர. 12-ஆம் நூற்றாண்டில் மசூதியின் பாங்கு கோபுரமாகக் கட்டியபோது, மேலே போகிறவர் குதிரையிலேயே ஏறிப்போக வசதியாக 35 சரிவுப் பாதைகள் வைத்தார்கள் என்கிறார்கள். குதிரை விஷயம் எப்படியோ, சரிவுகள் இருக்கின்றன. திருப்பத்துக்குத் திருப்பம் எண்ணும் போட்டிருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள்கூட நின்று நின்று ஏறினார்கள். மேலிருந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. இந்தப் பழைய நகரமே ஓட்டைகளால் ஆனது. கூரைகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக முற்றங்கள், சந்துகள். தெருப்பக்கம் ஜன்னல் உள்ள அறைகள் கொஞ்சம்தான் இருக்க முடியும்.

ஆனாலும் எனக்கு அந்தப் பால்கனி ஆசை விடவில்லை. திரும்பி வந்து வெளிப்பக்க அறை கேட்டேன். பதினைந்து யூரோ கூட. "நல்ல அறை, அமைதியான தெரு" என்றார் மேசைப் பெண்.

பால்கனி ஒரு அடி அகலம். ஒரு காலை வெளியே வைக்கலாம், இன்னொன்று அறைக்குள்தான். மேற்கு வெயிலைக் குடித்த சுவர், ராத்திரி பதினொரு மணிக்கும் கையை வைத்தால் சுட்டது. ஏசி ஓய்வே இல்லாமல் இரைந்தது. ஒரு மணி வரை கீழே மதுக்கடைப் பேச்சு. யாரும் குடித்துக் கூச்சலிடவில்லை, பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கடை மூடியதும் காலி பாட்டில்களை மொத்தமாகத் தொட்டியில் கொட்டினார்கள். அதன் பிறகு மாநகராட்சி வண்டி வந்து குழாயால் தெருவைக் கழுவியது. முந்தைய இரவு இதில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. ஓ.டி.எஸ். அறை தட்டுச் சத்தம் வரும்வரை கல்லாகக் கிடந்தது, ஏசியும் பாதி நேரம் அணைந்திருந்தது.

அறையைக் காலி செய்ய நேரம் பகல் பன்னிரண்டு. பில்லில் அறை வாடகைக்கு மேல் பத்து சதவீத வரியைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். பார்சிலோனாவில் வாங்குகிற சுற்றுலா வரி இங்கே இல்லை. மேசைக்குப் பின்னால், புகார்ப் படிவம் கேட்டால் தரப்படும் என்ற அறிவிப்பு மாட்டியிருந்தது. அண்டலூசியாவில் எந்தக் கடையிலும் அது இருந்தாக வேண்டும். காட்டுங்கள் என்றேன். முகம் கோணாமல் எடுத்து வைத்தார்: ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று படி, ஒன்று அரசுக்கு, ஒன்று புகார் கொடுப்பவருக்கு, ஒன்று கடைக்கு.

"என்ன குறை?" என்று கேட்டார்.

அதைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த விடுதியில் நீங்கள் தங்குவதென்றால் எந்த அறையை எடுப்பீர்கள்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "மூன்றாவது மாடியில், உள்பக்கம், சமையலறைக்கு எதிர்மூலையில் ஒன்று இருக்கிறது. கோடையில் என் அம்மா வந்தால் அதைத்தான் கேட்பார்."

சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனேன். அது மேல்மாடி, சந்து அங்கே இரண்டு மடங்கு அகலம். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கட்டில் வரை வந்தது. புகைபோக்கி இல்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு தொட்டியில் ஜெரேனியம். வாடகை நான் முதலில் தங்கிய அறைக்குக் கொடுத்த அதே 96. குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் பாதிக் கண்ணாடிதான்.