ரயில் கைவிட்ட தடத்தில்

ஸ்பெயினின் எப்ரோ பள்ளத்தாக்கில் 1973-ல் நின்றுபோன ரயில் பாதை இன்று சைக்கிள் பாதை. வண்டி வாகனத் தொல்லை இல்லை. ஆனால் வழியெங்கும் வரலாறு குறுக்கிடுகிறது.

சுரங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் மாறுவது ஒலி. வெளியே காற்றில் கரைந்துவிடும் சரளைக்கல்லின் நொறநொறப்பு உள்ளே சுவரில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. பிறகு குளிர். பிறகு இருட்டு. சில சுரங்கங்களில் விளக்கு உண்டு. பலவற்றில் சைக்கிளில் மாட்டிய டார்ச்தான் துணை. நூறு அடிக்கு அப்பால் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்து, அது வளர்ந்து, மறுபடி வெயிலில் கொண்டுபோய்த் தள்ளும்போது எதிரே ஒரு மலையிடுக்கு, கீழே ஓர் ஓடை. பாதையில் காரும் இல்லை, லாரியும் இல்லை. சாலையைக் குறுக்கே கடக்கும் ஒரு சில இடங்களைத் தவிர, நாள் முழுதும் இதே நிலைதான்.

இது வால் தெ ஸஃபான் ரயில் பாதை. வடகிழக்கு ஸ்பெயினில், அரகோன் பகுதியின் வறண்ட மேட்டுநிலத்தில் உள்ள லா புவெப்லா தெ இஹாரில் தொடங்கி, கேட்டலோனியாவின் மத்தியதரைக் கரைக்குப் போக வேண்டிய பாதை. அரகோனின் கோதுமையையும் ஆலிவ் எண்ணெயையும் சான் கார்லெஸ் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குவது 19-ம் நூற்றாண்டுப் பிரமுகர்களின் கனவு. அல்காஞிஸ் நகரம்வரை 1895-ல் ரயில் வந்தது. அதற்கடுத்த துண்டுக்கு மலையைக் குடைந்து முடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. எப்ரோ கரையிலுள்ள தொர்த்தோசாவை ரயில் எட்டிப்பிடித்தது 1940-களின் தொடக்கத்தில். அங்கேயே நின்றது. கடலை அது பார்க்கவே இல்லை.

அதன் ஆயுளும் கெட்டி அல்ல. வருமானம் குறைந்து தள்ளாடிக்கொண்டிருந்த நிலையில், 1973 செப்டம்பரில் பினெல் தெ பிராய் ஊருக்கு அருகே ஒரு சுரங்கம் இடிந்து விழுந்தது. சரிசெய்யச் செலவழிப்பானேன் என்று போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நிலையங்களின் கூரைகள் விழுந்தன. இருபது ஆண்டுகள் அத்திமரமும் முட்புதரும் நடைமேடைகளை ஆண்டன.

பாதைக்கு மறுபிறவி தந்தது 1993-ல் தொடங்கிய 'பசுமை வழிகள்' திட்டம். அந்த ஆண்டு கணக்கெடுத்தபோது ஸ்பெயினில் கைவிடப்பட்ட ரயில் பாதைகள் 7,600 கி.மீ.க்கு மேல் இருந்தன. இன்று அவற்றில் 3,500 கி.மீ.க்கும் அதிகமான தூரம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியதாகிவிட்டது. தத்துவம் எளிமையானது. ரயில் செங்குத்தாக ஏறாது. எனவே ரயில் போன வழியில் சைக்கிளும் மூச்சுவாங்காமல் போகும். எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே பாதையில் ஓட்டலாம்.

அல்காஞிஸ் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அரகோன் பகுதிதான் உண்மையான சரளைப் பாதை. இறுகிய மண்ணும் சிறு கற்களும் கலந்த தரை. மெலிந்த பந்தய டயர் இங்கே உதவாது. 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சைக்கிள் மிதப்பதுபோல் போகும். இரு பக்கமும் வாதுமைத் தோப்புகள். பிப்ரவரியில் வருபவர்களுக்கு அவை பூத்துக் காத்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் இரண்டு போதாது. வால்தெயல்கோர்ஃபாவில் இரண்டு கி.மீ.க்கு மேல் நீளும் ஒரு சுரங்கம். வகிடு எடுத்தாற்போல் நேரானது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் சூரிய ஒளி ஒரு வாயில் வழியே புகுந்து மறு வாயில்வரை பாய்கிறது.

கேட்டலோனியா எல்லையைத் தாண்டியதும் தரை வழவழப்பாகிறது. அர்னேஸிலிருந்து தொர்த்தோசா வரை சுமார் 50 கி.மீ. பெரும்பகுதி இறக்கம். வலப்புறம் எல்ஸ் போர்ட்ஸ் மலைத்தொடர். குன்றின் மீது கொத்தாக வீடுகள் தெரிந்தால் அது ஓர்த்தா தெ சான் ஜுவான். 1898-ல் நோயிலிருந்து தேறிய 16 வயதுப் பையன் ஒருவன் நண்பனின் ஊரான இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கினான். 1909-ல் மீண்டும் வந்தபோது அவன் பெயர் பாரிஸில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் பாப்லோ பிக்காசோ இந்த வீடுகளைக் கட்டம் கட்டமாக உடைத்து வரைந்த ஓவியங்கள் க்யூபிஸத்தின் முதல் படிகளில் சேர்கின்றன. அசல்கள் உலக மியூசியங்களுக்குப் போய்விட்டன. ஊரிலிருக்கும் பிக்காசோ மையத்தில் நகல்கள் தொங்குகின்றன. அசல் கூரைகள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே அப்படியே இருக்கின்றன.

அடுத்து பொட். சின்ன ஊர், அழகான பழைய ஸ்டேஷன். 1938-ல் ஃபிராங்கோவின் படைக்கு ஆளும் ஆயுதமும் கொண்டுவந்து, காயமடைந்தவர்களை ஏற்றிச் சென்ற ரயில்கள் வந்துபோன இடம். ஏனென்றால் இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஸ்பானிய உள்நாட்டுப் போரின் மிக நீண்ட சண்டை நடந்தது. 1938 ஜூலை 25 அதிகாலை, குடியரசுப் படையினர் படகுகளிலும் தற்காலிகப் பாலங்களிலும் எப்ரோவைக் கடந்தார்கள். நவம்பர் 16-ல் எஞ்சியவர்கள் அதே ஆற்றைக் கடந்து திரும்பினார்கள். இடைப்பட்ட நான்கு மாதங்களில் இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். குடியரசு அதற்குப் பிறகு எழவில்லை.

பாதையிலிருந்து விலகி கண்டேசா வழியாக கொர்பேராவுக்குப் போனால் அந்தக் கணக்குக்கு ஒரு முகம் கிடைக்கும். குண்டுவீச்சில் நொறுங்கிய பழைய ஊரை யாரும் திரும்பக் கட்டவில்லை. மக்கள் அடிவாரத்தில் புது ஊர் அமைத்துக்கொண்டார்கள். மேலே, சான் பெரே தேவாலயமும் பாதி சுவர்களும் நிற்கின்றன. இன்றும் உழும்போது இந்த வட்டாரத்து மண்ணில் எலும்புகள் தட்டுப்படுவதுண்டு. அவற்றை அடக்கம் செய்ய கம்போசினெஸில் ஒரு நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள்.

இந்த மண்ணில் ஓர் இந்தியரின் தடமும் உண்டு. நாக்பூர்க்காரர் கோபால் முகுந்த் ஹுத்தார், ஆர்.எஸ்.எஸ்.ஸின் ஆரம்பகாலப் பொறுப்பாளர்களில் ஒருவர். லண்டனுக்குப் படிக்கப் போனவர், அங்கிருந்து 'ஜான் ஸ்மித்' என்ற பெயரில் சர்வதேசப் படையில் சேர்ந்து ஸ்பெயினுக்கு வந்தார். 1938 ஏப்ரலில் கண்டேசா அருகே ஃபிராங்கோவின் ஆட்களிடம் பிடிபட்டு, பல மாதச் சிறைக்குப் பிறகு விடுதலையானார். தாயகம் திரும்பியவர் பின்னர் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். அவர் சிறையிலிருந்த ஜூன் மாதத்தில்தான் ஜவஹர்லால் நேரு, கிருஷ்ண மேனனுடன் பார்சிலோனாவுக்கு வந்து, குண்டுவீச்சுக்கு நடுவே குடியரசுக்கு ஆதரவு தெரிவித்துச் சென்றார்.

பொட்டைத் தாண்டினால் கனலெடெஸ் ஆற்றின் மலையிடுக்கு. சுரங்கம், பாலம், மீண்டும் சுரங்கம். கீழே ஃபொன்ட்கால்டா கோவில். பக்கத்திலேயே வெதுவெதுப்பான ஊற்று. களைத்த கால்களுக்கு வரப்பிரசாதம். பினெல் தெ பிராயில் கௌடியின் சீடர் செசார் மார்த்தினெல் கட்டிய கூட்டுறவு ஒயின் ஆலை. திராட்சை விவசாயிகள் சேர்ந்து எழுப்பிய கட்டடத்துக்குக் கிடைத்த பட்டம், 'ஒயின் கதீட்ரல்'.

பெனிஃபாயெட் அருகே பாதை எப்ரோவோடு சேர்ந்துகொள்கிறது. அகலமான, அவசரப்படாத ஆறு. ஷெர்த்தா அணைக்கட்டில் தண்ணீர் இரு கால்வாய்களாகப் பிரிந்து டெல்டாவின் நெல் வயல்களுக்குப் போகிறது. ஆரஞ்சுத் தோப்புகளின் வாசனையோடு சைக்கிள் ஓட்டும் பயணிக்கு இங்கே சண்டை எதுவும் கண்ணில் படாது. ஆனால் சண்டை இருந்தது. எப்ரோவின் நீரைத் தெற்கே திருப்பிவிடும் திட்டத்துக்கு 2001-ல் ஸ்பானிய நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தபோது, முடிச்சுப்போட்ட குழாயைச் சின்னமாக ஏந்திக் கடைமடை மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2004-ல் புதிய அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கவலை அத்தோடு தீரவில்லை. மேலேயுள்ள பெரிய அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்வதால் டெல்டா கடலிடம் நிலத்தை இழந்து வருகிறது. 2020 ஜனவரியில் 'க்ளோரியா' புயல் வந்தபோது உப்புநீர் வயல்களுக்குள்ளேயே புகுந்தது.

தொர்த்தோசாவில் பாதை முடிகிறது. ஆற்றின் நடுவே, போரில் தகர்ந்த பாலத்தின் தூண்மீது ஓர் இரும்புச் சின்னம். 1966-ல் ஃபிராங்கோ ஆட்சி தன் வெற்றியைக் கொண்டாட நட்டது. அதை எடுத்துவிடலாமா என்று 2016-ல் நகர மக்களிடம் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர், இருக்கட்டும், விளக்கம் எழுதி வையுங்கள் என்றார்கள். போரில் உறவினரை இழந்த குடும்பங்களுக்கு அது ஆறாத காயம். வழக்கு, எதிர்வழக்கு என்று விவகாரம் நீதிமன்றப் படிகளும் ஏறியது.

இளைஞர்கள் பார்சிலோனாவுக்கும் ஸரகோஸாவுக்கும் போய்விட, இந்தப் பள்ளத்தாக்கின் கிராமங்கள் மூத்துக்கொண்டிருக்கின்றன. வாரக்கடைசியில் வரும் சைக்கிள்காரர்கள் சாப்பிட்டு, தங்கி, இரண்டு பாட்டில் ஒயின் வாங்கிப் போவது அவர்களுக்குச் சின்ன வருமானம். ரயில் நின்றிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்று சொல்ல ஆளுண்டு, நியாயமும் உண்டு. போனவர்களைத் திரும்பக் கொண்டுவரும் சக்தி எந்த சைக்கிள் பாதைக்கும் இல்லை. ஆனால் முட்புதருக்குள் மறைந்துபோயிருக்க வேண்டிய ஸ்டேஷன் பெயர்களை இன்று யாரோ நின்று படிக்கிறார்கள். பக்கத்து ஊருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். கோதுமை ஏற்றிச் செல்லக் கட்டிய பாதை இப்போது ஏற்றிச் செல்வது அந்தக் கேள்விகளைத்தான்.