ரப்பெற் கவரை நானே மாற்றுவதா?

இரு மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், சுன்னாகத்தில் மரணவீடு ஒன்றுக்குச் சென்றுவிட்டு மனைவியுடன் காங்கேசன்துறை வீதி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, காருக்குள் ஒயில் கருகும் மணம் பரவத் தொடங்கியது. இணுவிலை அண்மித்தபோது பொனற்றின் விளிம்பிலிருந்து மெல்லிய புகை எழுவதையும் கண்டேன். காரை ஓரங்கட்டி பொனற்றைத் திறந்து பார்த்தேன். எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து வழிந்த ஒயில், சூடேறிய புகைபோக்கிக் குழாயின் மீது சொட்டுச்சொட்டாக விழுந்து கருகிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, நெருப்புப் பிடிக்கப்போகுதோ?" என்று மனைவி கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். அந்த உறுதி எனக்கு இருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எமது கார் 1959ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000. ஆசிரியராக இருந்த தந்தையார் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் வாங்கியது. ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு தணிவதற்கு முன்னரே 'ஸ்ரீ' எழுத்துடன் கூடிய இலக்கத்தகட்டைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வந்த கார் என்பதால் அக்காலத்தில் உறவினர்கள் சிலர் தந்தையாரைக் கேலி செய்ததும் உண்டு. 948 சீசீ கொள்ளளவுடைய அதன் எஞ்சினின் குடும்பம் 1951ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒஸ்ரின் ஏ30 காருடன் பிறந்தது. சிறிய மாற்றங்களுடன் 2000ஆம் ஆண்டில் பழைய மினி கார் நிறுத்தப்படும் வரை உற்பத்தியில் இருந்தது. அவ்வளவு நீண்டகாலம் நின்றுபிடித்ததற்கு அதன் எளிமையும் ஒரு காரணம்.

எஞ்சினின் தலைப்பகுதியில் வால்வுகளை இயக்கும் றொக்கர்களை மூடியிருக்கும் தகரப் பெட்டி போன்ற மூடியையே ஆங்கிலத்தில் வால்வு கவர் என்கிறார்கள். எங்களூர் கராஜ்களில் அது 'ரப்பெற் கவர்'. எங்கள் காரில் அது அழுத்தி வடிக்கப்பட்ட மெல்லிய உருக்குத் தகடு. அதன் விளிம்புக்கும் எஞ்சினின் தலைக்கும் இடையில் தக்கையாலான 'பக்கிங்' ஒன்று இருக்கும். மேலே இரண்டு நட்டுகள். அவ்வளவுதான்.

மறுநாள் நகரத்திலுள்ள கராஜ் ஒன்றுக்குக் காரைக் கொண்டுசென்றேன். அங்கிருந்த இளைஞர் ஒரு நிமிடம் எட்டிப்பார்த்துவிட்டு, "ஐயா, கவர் வளைஞ்சுபோச்சுது. பக்கிங் மாத்தி வேலையில்லை. புதுக் கவரே போடவேணும்" என்றார். அலுமினியத்தில் வார்த்த புதிய கவர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பொருத்தித் தருவதற்கு 18,000 ரூபாவும் பத்து நாட்களும் கேட்டார். அன்று இரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசிய தங்கையின் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "மாமா, இரண்டு நட்டுத்தானே? கவரை நான் அனுப்புறன், நீங்களே மாத்துங்கோ. இஞ்சை எல்லாரும் வீட்டிலை தாங்களேதான் செய்யினம்" என்றான்.

நானே மாற்றுவதா? பத்திரிகைத் துறையில் நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தற்சார்புப் பொருளாதாரம் பற்றி எத்தனையோ ஆசிரிய தலையங்கங்களை எழுதியிருக்கிறேன். ஆனால், வாழ்வில் ஒரு நட்டைக்கூடச் சரியாகக் கழற்றிப் பூட்டியதில்லை. அதற்கு அவசியம் ஏற்படாமற் போனமைக்குக் காரணம் ஒரு மனிதர். கொக்குவிலில் கராஜ் வைத்திருந்த அவரை நாம் 'அண்ணை' என்றுதான் அழைப்போம். 1970களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் காரில் வேறெவரும் கைவைத்ததில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்டதும், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே, காபரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எரியாமல் எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர்வழியாக வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கும். வால்வுகளில் கரி படியும். எமது கார் இவ்வளவையும் தாங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு குடாநாட்டு மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, நோயாளியாக இருந்த தாயாரையும் அயல்வீட்டு முதியவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, சனவெள்ளத்தின் நடுவே மனிதர் நடக்கும் வேகத்தில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் இதே கார்தான். மண்ணெண்ணெய்ப் புகை கக்கியவாறு ஊர்ந்த அந்த எஞ்சின் ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை. அதற்கு அண்ணையின் கைவண்ணமே காரணம்.

அந்த அண்ணைக்கு இப்போது வயது எண்பத்திரண்டு. கராஜை மூடிப் பல வருடங்களாகின்றன. ஆனால், எமது காரை மாத்திரம் வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்ப்பார். ஓய்வுபெற்ற அவருக்கு அது வருமானம் என்பதைவிட மரியாதை. அண்மைக்காலமாக அவரது கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. தேநீர்க் கோப்பையை அவர் இரண்டு கைகளாலும் பிடிப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இந்த எஞ்சினில் ரப்பெற் கவரைக் கழற்றியவுடன் தள்ளுதண்டுகள் இறங்கும் துளைகள் திறந்தபடி தெரியும். நடுங்கும் கையிலிருந்து ஒரு நட்டோ வாஷரோ நழுவி அவற்றுக்குள் விழுந்தால் அது எஞ்சினின் வயிற்றுக்குள் போய்விடும். பின்னர் அடித்தட்டைக் கழற்றித் தேடவேண்டியிருக்கும். திங்கட்கிழமைகளில் மனைவியைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துச்செல்வது இந்தக் காரில்தான். ஆகவே, கராஜுக்குக் கொடுப்பதா, நானே மாற்றுவதா என்று யோசிப்பதாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, உண்மையான கேள்வி வேறு. அண்ணையிடம் கொடுக்காமல் விடுவதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதே அது. மூன்று நாட்கள் அதைத் தள்ளிப்போட்டேன்.

நான்காம் நாள் அவரது வீட்டுக்குச் சென்று, ஓய்வுகாலத்தில் ஏதாவது புதிதாகப் பழக வேண்டும் என்று ஆசைப்படுவதாகவும், பக்கத்தில் இருந்து சொல்லித்தந்தால் நானே செய்து பார்க்கலாம் என்று நினைப்பதாகவும் நீட்டி முழக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"தம்பி, என்ரை கை நடுங்குது எண்டு சொல்லுறதுக்கு இவ்வளவு சுத்திவளைக்க வேணுமே? நீர் பேப்பர்க்காரன்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவரோ அதைப் பொருட்படுத்தாமல் கதிரையை எடுத்துவரச் சொன்னார்.

எஞ்சின் முற்றாகக் குளிரும் வரை காத்திருக்கச் சொன்னார். கவரைத் தொடவே விடவில்லை. முதலில் அதிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் றப்பர்க் குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொன்னார். ஊதினேன், காற்றுப் போகவில்லை. உள்ளே கறுத்துக் கட்டிபட்ட ஒயில் கசடு அடைத்திருந்தது. எஞ்சின் ஓடும்போது உள்ளே சேரும் வாயு வெளியேறும் வழி அதுதான். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எங்கே பலவீனமான இடம் இருக்கிறதோ அங்கே ஒயிலைத் தள்ளும். 18,000 ரூபா கொடுத்துப் புதிய கவர் போட்டிருந்தாலும் சில மாதங்களில் மீண்டும் ஒயில் கசிந்திருக்கும்.

குழாயைத் துப்புரவாக்கிய பின்னர் கவரைக் கழற்றினேன். ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் பழைய பால்மா ரின் ஒன்றுக்குள் போடவைத்தார். தள்ளுதண்டுத் துளைகளின் மேல் சுத்தமான துணியை விரிக்கச் சொன்னார். கவரைக் கழுவித் துடைத்து ஒரு கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து வைத்தபோது, நட்டுகளுக்கு நேரே விளிம்பு கண்ணாடியில் பட்டிருக்க, மூலைகளில் வெளிச்சம் தெரிந்தது. கராஜ் இளைஞர் சொன்னது பொய்யல்ல. கவர் வளைந்துதான் இருந்தது.

"இது நான் வளைச்சதுதான்" என்றார் அண்ணை. "தொண்ணூற்றியொண்டிலை தக்கைப் பக்கிங் எங்கை இருந்தது? காட்போட் மட்டையை வெட்டிக் கிறீஸ் பூசிப் போட்டனான். மட்டை சும்மா ஒயிலை மறிக்குமே? அதாலை நட்டை இறுக்கு இறுக்கெண்டு இறுக்கினது. அண்டைக்கு வேறை வழியில்லை."

முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தத் தகரம் அந்த இறுக்கத்தைச் சுமந்திருக்கிறது. தடைக்காலத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதிய எனக்கு, அதன் தடம் ஒன்று எனது காரின் பொனற்றுக்குக் கீழே இருந்தது அன்றுதான் தெரியவந்தது.

மரக்கட்டையின் மேல் விளிம்பை வைத்துச் சிறிய சுத்தியலால் தட்டித்தட்டி நேராக்கினேன். அதற்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. கவர் திறந்திருக்கும்போதே வால்வுகளின் இடைவெளியையும் பார்த்துவிட வேண்டும் என்றார். குளிர்ந்த நிலையில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு அவர் சொன்ன கணக்கு 'கூட்டினால் ஒன்பது'. எட்டாம் வால்வு முழுமையாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்கவேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. பிறகு புதிய தக்கைப் பக்கிங்கைக் கவரின் பக்கத்தில் மாத்திரம் ஒட்டி, எஞ்சினின் பக்கத்தில் ஒட்டாமல் வைத்துப் பூட்டினேன்.

"போதும்" என்று அவர் சொன்ன இடத்தில் ஸ்பனரை நிறுத்தினேன். ஆனால், அவ்வளவு மெதுவாக இறுக்கினால் ஒயில் கசியாதா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. வீட்டுக்கு வந்து, எவருக்கும் தெரியாமல் ஒவ்வொரு நட்டையும் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். மறுநாள் காலை கார் நின்ற இடத்தில் ஒயில் சொட்டியிருந்தது. பக்கிங் பிதுங்கி வெடித்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை மனைவியை ஓட்டோவில்தான் கிளினிக்குக்கு அழைத்துச்சென்றேன்.

இந்தக் காரின் கைநூலில் எஞ்சினின் தலையைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்கு 40 அடி-இறாத்தல் இறுக்கமும், ரப்பெற் கவர் நட்டுகளுக்கு வெறும் 4 அடி-இறாத்தலும் குறிக்கப்பட்டிருப்பதைப் பின்னர் பார்த்தேன். பத்திலொரு பங்கு. அண்ணையின் கைக்கு அது புத்தகம் பார்க்காமலே தெரிந்திருந்தது.

மீண்டும் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "நானும் அதைத்தானே செய்தனான். ஆனால், எனக்கு அண்டைக்கு நல்ல பக்கிங் இல்லை. உமக்கு இருந்தது" என்று மாத்திரம் சொன்னார். கவரின் மூலைகளை மறுபடியும் தட்டி நேராக்கி, இன்னொரு பக்கிங் போட்டேன். இம்முறை ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, எல்லோரும் தங்கள் காரின் ரப்பெற் கவரைத் தாங்களே மாற்றலாம் என்று சொல்வதற்கு நான் துணியமாட்டேன். இன்று வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்களில் அந்தக் கவர் பெரும்பாலும் அலுமினியத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. சுற்றிவர அநேக போல்ற்றுகள் இருக்கும். அவற்றை நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒழுங்குமுறைப்படி சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். பல எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் குழிகள் கவரின் ஊடாகவே செல்வதால் அவற்றுக்குத் தனியான றப்பர் வளையங்களும் உண்டு. அலுமினியத் தலையில் ஒரு புரி பிய்ந்தால் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு செலவாகும். நண்பர்கள் கேட்டால் மூன்று கேள்விகளை மாத்திரம் சொல்கிறேன். கசிவுக்குக் காரணம் கவர்தானா, அல்லது அடைபட்ட குழாயா? கழற்றவேண்டிய அத்தனையும் கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டுகிறதா? பிழைத்துப்போனால் அதைச் சரிசெய்வதற்கு உங்களுக்கு ஒருவர் இருக்கிறாரா?

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. 'நானே மாற்றினேன்' என்று மருமகனிடம் பெருமையடித்துக்கொள்ள முடியாமல் இருப்பதும் அதனால்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட பின்னர், இந்தப் பழைய வண்டியை விற்றுவிடுமாறு ஆலோசனை கூறியவர்கள் பலர். விற்பதாக இல்லை.

கடந்த வாரம் அண்ணை வீட்டுக்கு வந்திருந்தார். பொனற்றைத் திறக்கச் சொல்லி, கவரின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். நடுங்கிய விரலைத் திருப்பிக் காட்டினார். ஒயில் படவில்லை. பிறகு, காபரேற்றரைக் கழற்றித் துப்புரவாக்கும் காலம் வந்துவிட்டதென்றும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வருமாறும் சொல்லிவிட்டுப் போனார்.