ஒரு நுண்துளையின் பணி

ஓடும் எந்திரம் தன் நோயைத் தானே சொல்லும். கேட்கும் பொறுமைதான் நம்மிடம் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தின் மோட்டார் வாகனப் பிரிவில் முப்பது ஆண்டுகள் கற்பித்த எனக்கு, மாணவர்க்குப் பழக்குவதற்கு மிகக் கடினமாயிருந்த பாடம் அதுவே. கைகள் திருப்புளியைத் தேடி விரையும், காதுகள் பின்தங்கிவிடும்.

கார்புரேட்டரின் அடிப்படை எளியது. குறுகிய கழுத்தின் வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவு பெட்ரோலை உறிஞ்சியெடுத்துக் காற்றோடு கலக்கிறது. அந்தக் கழுத்துக்கு 'வெஞ்சுரி' என்று பெயர். குருப்பட்டம் பெற்ற இத்தாலிய அறிவியலாளர் ஜோவான்னி பத்திஸ்தா வெந்தூரி, நீர்மங்களின் ஓட்டம் பற்றிய தம் ஆய்வை 1797இல் வெளியிட்டார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த அளவு பெரிதும் பிசகினால் எஞ்சின் முரண்டு பிடிக்கும்.

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடியில் வாழும் என் அக்காவின் மகன் நாள்தோறும் வத்தலக்குண்டுக்கு வேலைக்கு இறங்குகிறவன். மறைந்த அத்தானின் பழைய மோட்டார் சைக்கிள்தான் அவனுக்கு வாகனம். அது வளைவுகளில் விக்கி விக்கி அணையத் தொடங்கியது. மகனையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அக்காவுக்கு. பழைய இரும்புக்காரரிடம் விலையும் பேசிவிட்டார். மகனுக்கோ, தந்தையின் கை பட்ட பொருளென்று எஞ்சியிருந்தது அது ஒன்றே. வீட்டில் இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிற்று.

"கார்புரேட்டரையே மாத்திடலாமா, மாமா?" என்று கேட்டான். விடைக்கு மாறாக நான் கேள்விகளையே தொடுத்தேன். ஏற்றத்தில் முழு வேகத்தில் எப்படி ஓடுகிறது? நன்றாக. எப்போது அணைகிறது? ஆக்சிலரேட்டரை விட்டதும். சோக்கைச் சற்று இழுத்தால்? அடங்கி ஓடுகிறது. நோய் பாதி விளங்கிவிட்டது. மலையின் மெலிந்த காற்றினால் என்றால் கலவையில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வந்திருக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருக்கும். இங்கே பிளக் வெளிறியிருந்தது. மெதுவோட்டத்தில் பெட்ரோல் போதவில்லை என்பதே பொருள்.

ஆயினும் உடனே கழற்றவில்லை. கார்புரேட்டரும் எஞ்சினும் கூடும் இணைப்பில் காற்று புகுந்தாலும் இதே அறிகுறி தோன்றும். எஞ்சின் ஓடுகையில் அங்கே தண்ணீரைத் தெளித்துப் பார்த்தோம், ஒலி மாறவில்லை. அதன் பின்னரே அடிக்கிண்ணத்தைத் திறந்தோம். பழுப்பான பிசினும் சில நீர்த்துளிகளும் தென்பட்டன. அத்தான் இறந்தபின் ஏழு மாதங்கள் அந்த வண்டியை எவரும் தொடவில்லை. துயரத்தில் வீடே அசையாதிருந்த காலம். நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகிவிட்டது. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டிய எத்தனால் கலப்பு, ஈரத்தையும் ஈர்க்கும் இயல்புடையது.

பைலட் ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடிக்கச் சொன்னேன். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை, வெளிச்சம் தெரியவில்லை. கம்பியால் குத்த முனைந்தவனைத் தடுத்தேன். துளை பெரிதானால் அளவே கெடும். துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்து, காற்றால் ஊதி, மீண்டும் பிடித்தான். "தெரியுது, மாமா!" என்றான்.

பூட்டியபின், எஞ்சின் சூடேறியதும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி, ஓட்டம் சீராகும் இடத்தில் நிறுத்தினோம். அவனை ஓட்டச் சொல்லிப் பின்னிருக்கையில் நானே அமர்ந்து வத்தலக்குண்டு வரை இறங்கி மீண்டேன். ஒரு வளைவிலும் அணையவில்லை. வாசலில் நின்றிருந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வந்த இரும்புக்காரரை மட்டும் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

நெடுநாள் நிற்கும் வண்டியின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். பழுதானால், மாற்றும் முன் கேளுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் சோதியுங்கள். பேச்சு குறைந்துபோன வீடுகளுக்கும் இந்த முறை பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.