நான்கு கிளாஸ் பீரும் ஒரு கிளாஸ் கரும்புச் சாறும்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் பீர் குடிக்கப் போன கதையை எழுதுவதா என்று வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். தவறில்லை. ஆனால் முழுவதையும் படித்துவிட்டுச் சுளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே விடுதியில் தங்கிப் படித்த நண்பர்கள் மூவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒருவர் மூவாரில் ஆசிரியர். இன்னொருவர் குளுவாங்கில். மூன்றாமவர் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார். "எல்லாரும் இங்கே வாங்கப்பா, ஒரு புது இடம் காட்டுகிறேன்" என்று அழைத்தவர் அவர்தான்.

குடிக்கப் போகிறவன் காரை எடுக்கக் கூடாது என்று ஜொகூர் பாருவிலேயே காரை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினோம். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உட்லண்ட்ஸில் ரயில் ஏறினால் மாறாமலே மாக்ஸ்வெல் நிலையத்தில் இறங்கலாம். 2022 நவம்பரில் திறந்த நிலையம் அது. மேலே ஏறி வந்தால் சைனாடவுன்.

முதலில் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1827இல் அமைந்த கோயில். சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயில். அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்துப் போகப்போகும் இடத்தை நினைத்து நான் அம்மனிடம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கோயிலிலிருந்து சில நிமிட நடையில் ஸ்மித் தெருவில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். தெருவோரக் கடைக்காரர்களை ஓரிடத்தில் அமர்த்துவதற்காக 1983இல் திறந்த கட்டடம். கீழே ஈரச் சந்தை. மாடியில் இருநூறுக்கும் மேற்பட்ட உணவுக் கடைகள். இங்கே கோழிச்சோறு விற்ற ஒரு கடைக்கு 2016இல் மிச்சலின் நட்சத்திரம் கிடைத்ததை உலகமே பேசியது. பப் என்றால் இருட்டறை, காதைப் பிளக்கும் பாட்டு என்று எண்ணியிருந்த எனக்கு இந்த இடம் வியப்பாக இருந்தது. பேரப்பிள்ளைக்கு மீன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும் பாட்டி ஒரு மேசையில். செஸ் ஆடும் கிழவர்கள் இன்னொரு மேசையில். அவற்றுக்கு நடுவே வரிசையாகக் குழாய்கள் பொருத்திய சிறிய கடை. 2011இலிருந்தே இந்த மாடியில் கிராஃப்ட் பீர் விற்கிறார்கள்.

கிராஃப்ட் பீர் என்பது பெரிய ஆலைகளில் செய்யாமல், சிறிய அளவில் தங்கள் சொந்தப் பக்குவத்தில் காய்ச்சும் பீர். நமக்குத் தெரிந்த டைகர் பீர் 1932இலும் ஆங்க்கர் பீர் 1933இலும் சிங்கப்பூரில் தோன்றியவை. அவை எங்கே குடித்தாலும் ஒரே ருசி. இவையோ கடைக்குக் கடை வேறு.

மூவார் நண்பர் நான்கு வகை பீர் வாங்கி வந்தார். கூடவே வெறும் கிளாஸ்களையும் கேட்டு வாங்கினார், பகிர்ந்து ருசி பார்க்க. ஒரு கிளாஸின் விலையை நம் வெள்ளியில் கணக்கிட்டபோது முப்பதைத் தாண்டியது. எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் இரண்டு நாள் காய்கறி வாங்கும் காசு. குளுவாங் நண்பர் மட்டும் பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ் போட்ட கரும்புச் சாறு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சிங்கப்பூர் நண்பர் விளக்க ஆரம்பித்தார். பீருக்கு வேண்டியவை நான்கே: தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, ஈஸ்ட். நாம் கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பது போலத்தான் பார்லியையும் செய்கிறார்கள். லேசாகக் காயவைத்தால் பொன்னிறம். கருக வறுத்தால் கறுப்பு. முதல் கிளாஸ் கோதுமை பீர். கலங்கலாக இருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் மணத்தன. அந்த மணத்துக்குப் பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை என்றார். இரண்டாவது வெளிர் பொன்னிறம். மூன்றாவதன் பெயர் ஐ.பி.ஏ. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய, ஹாப்ஸ் தூக்கலான பீரின் வழி வந்தது. பாகற்காய்க்குப் பழகிய நாக்குக்கு அந்தக் கசப்பு உறுத்தவில்லை. நான்காவது ஸ்டவுட். காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. சின்ன வயதில் லயத்தில், உடம்புக்கு வலு என்று கறுப்பு ஸ்டவுட்டில் முட்டை அடித்துக் குடித்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

தொட்டுக்கொள்ளச் சாத்தே, பொரித்த கோழி இறக்கை, சம்பால் தடவி வாழையிலையில் சுட்ட திருக்கை மீன். கசப்பு பீருக்குச் சம்பால் காரம் பொருந்தவில்லை; நாக்கு இரட்டிப்பாக எரிந்தது. கோதுமை பீருக்குப் பொருந்தியது. ஸ்டவுட்டுக்குச் சாத்தேயின் கரி வாசனை நன்றாக இருந்தது.

இந்த உற்சாகத்தில்தான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். ஸ்டவுட் கிளாஸைக் குளுவாங் நண்பர் பக்கம் தள்ளி, "ஒரு வாய்தானே, சும்மா ருசி பாரப்பா. வாத்தியார் வேலையா போயிடும்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கிளாஸை மெல்ல என் பக்கமே நகர்த்தினார். "ஒரு வாய்தானேன்னு சொல்லித்தான் எனக்கு எல்லாம் ஆரம்பிச்சது. நிறுத்தி ஆறு வருஷம் நாலு மாசம் ஆச்சு. உங்களோட உட்காரத்தான் வந்தேன். உட்கார விடுங்கப்பா" என்றார்.

மேசையில் பேச்சு நின்றுவிட்டது. அவர் குடித்ததும் எங்களுக்குத் தெரியாது, நிறுத்தியதும் தெரியாது. பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

எனக்கோ அது வேறோர் இடத்தில் சுட்டது. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளன்று நேரே வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் கிளம்புவார். கள்ளுக்கடை வாசலில் நாலு பேர் நிற்பார்கள். "ஒரு மங்குதானே, வா அண்ணே" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். கள் பின்னாளில் சம்சு ஆயிற்று. எனக்குப் பதினான்கு வயதாகும்போது அவர் இல்லை. அந்த வாசலில் நின்ற நாலு பேரில் ஒருவனாகவே அன்று நான் உட்கார்ந்திருந்தேன்.

குடியை எதிர்த்து நம் தோட்ட மக்கள் போராடாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றார்கள். ஆயினும் குடி போகவில்லை. வேறு வேறு பாட்டிலில் வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்க முடியுமா?

சைனாடவுன் மாடியில் நான் கண்ட குடி வேறு மாதிரிதான். ஒவ்வொரு பீருக்கும் எத்தனை விழுக்காடு போதை என்று பலகையில் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டோடு, பேச்சோடு, மெதுவாகக் குடித்தார்கள். இரவு 10.30க்கு மேல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்று அங்கே 2015 முதல் சட்டமும் உண்டு. இப்படி அளவோடு ருசிப்பதற்குக் கையில் காசும், மறுநாள் ஓய்வும், மனத்தில் நிம்மதியும் வேண்டும். விடியற்காலை பெரட்டுக்கு ஓடிய என் தந்தையாருக்கு அவற்றில் எது இருந்தது? அவர் ருசிக்காகக் குடித்தவர் அல்லர். உடம்பு வலியை மறக்கக் குடித்தவர். இந்த வேற்றுமையை மறந்துவிட்டு, விலை உயர்ந்த பீர் நாகரிகம், மலிவுக் கள் அநாகரிகம் என்று பேசினால் அது நியாயமாகாது. விலை எதுவானாலும், நிறுத்த முடியாதவனுக்கு இரண்டும் ஒன்றே.

நான் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுப்பா, மீன் ஆறிப்போகுது" என்றார். சிங்கப்பூர் நண்பர் எழுந்து போய், திரும்பும்போது நான்கு கிளாஸ் கரும்புச் சாற்றோடு வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பால் மீனுக்குக் கரும்புச் சாற்றைப் போலப் பொருந்திய பானம் அன்று வேறில்லை. அதன் பிறகுதான் எங்கள் பேச்சு உண்மையான பேச்சாயிற்று. அவர் எப்படி விழுந்தார், மனைவி எப்படித் தாங்கினார், எப்படி எழுந்தார் என்பதையெல்லாம் சொன்னார். கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டுதோறும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மதுவின் தீமையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள் என்று ஒருநாளும் எழுதிப் போட்டதில்லை.

கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் "ஒன்னே ஒன்னுதானே" என்று பிரியத்தோடு கிளாஸை நீட்டுகிற நாம் அனைவரும் அந்த இரண்டாவது வரியைப் படிக்க வேண்டியவர்கள். பள்ளி திறந்த முதல் வாரமே அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.